வீட்டு மின்வேலை: நாமே செய்வதா, உரிமம் பெற்றவரை அழைப்பதா?

பழுதான சுவிட்சைக் கழற்றி அதே மாதிரி இன்னொன்றை மாட்டுவதற்கும், புதிதாக ஒரு சர்க்யூட் இழுப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் முதல் வகையை வீட்டுக்காரரே செய்யலாம். இரண்டாவதை முறைப்படி அறிவித்துச் சான்று பெற வேண்டும். ஆஸ்திரேலியாவில் சுவரில் பதித்த வயரிங்கை உரிமம் உள்ளவர்தான் தொடலாம், சுவிட்ச் மாற்றுவதும் அதில் சேர்த்தி.

நாமே செய்தால் கூலி மிச்சம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் பல்பு எரிகிறதே என்று திருப்திப்பட முடியாது. எர்த் வயர் விட்டுப்போயிருந்தாலும் பல்பு எரியும்! திருகு சரியாக இறுகவில்லை என்றால் அந்த இடம் சூடேறி, இன்சுலேஷன் (வயரின் மேலுறை) கருகிய பிறகுதான் தெரியவரும். மின்சாரம் நின்றதா என்று பார்க்க டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்பவே கூடாது. மின்சாரம் இருந்தும் அது ஒளிராமல் போகலாம்.

தகுதியுள்ள எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி சோதித்துப் பார்ப்பதற்குத்தான். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனின் மின்தடையை அளப்பார். குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவில் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுகிறதா என்றும் பார்ப்பார். அப்புறம் கையெழுத்திட்ட சான்றிதழ். வீட்டை விற்கும்போதோ காப்பீடு கேட்கும்போதோ அது கைகொடுக்கும்.

சட்டம் அனுமதித்தால் பழைய சுவிட்சுக்குப் பதில் புதியதை மாட்டுவது வரை நாமே போகலாம். குளியலறை, மெயின் போர்டு என்றால் நான் அவரைத்தான் கூப்பிடுவேன், உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு.