ஆய்வா, பள்ளிக்கூடமா?

உளவியல் படித்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பும் பிள்ளைக்கு இரண்டு வழி: பல்கலைக்கழக ஆய்வு, இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் மாணவர் ஆலோசனை.

ஆய்வு வழியில் செல்வாக்கை எண்ணால் அளப்பார்கள். 2005 இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச் சுட்டெண் அதில் ஒன்று. ஓர் ஆய்வாளரின் சுட்டெண் 10 என்றால், ஒவ்வொன்றும் 10 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 10 இருக்கின்றன என்று பொருள். நல்ல கட்டுரை முல்லைத்தீவுப் பிள்ளைகளின் நிலையை எங்கெங்கோ கொண்டுபோகும். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். புதுக்குடியிருப்பு ஆசிரியரின் கைக்கு அது வந்து சேருவது அபூர்வம்.

பள்ளிக்கூட வேலைக்கு மேற்கோள் கிடையாது. கரும்பலகைக்குக் கிட்டப் போய் நின்று, 'ண'வையும் 'ன'வையும் மாற்றி எழுதும் பெடியனைப் பார்த்து, "இவன் மொக்கன் இல்லை அம்மா, முதலில் கண்ணைக் காட்டுங்கோ" என்று சொல்வதுதான் அங்கே செல்வாக்கு.

அமெரிக்க உளவியலாளர் லைட்னர் விட்மர் தொடங்கியதும் இப்படித்தான். 1896 இல் பென்சில்வேனியாவில், எழுத்துக்கூட்டத் தடுமாறிய பையனை ஓர் ஆசிரியை அவரிடம் கூட்டிவந்தார். பார்வையிலும் கோளாறு இருந்தது. அந்த வருடமே உளவியல் கிளினிக் பிறந்தது. அவருடைய ஆய்விதழ் வந்தது 1907 இல், 11 வருடம் கழித்து.

எனக்கும் அந்த வரிசைதான் பிடிக்கும். வினாக்கொத்தோடு வந்து போனவர்களை வன்னி நிறையவே பார்த்துவிட்டது. முதலில் சில வருடம் வகுப்பறை, அப்புறம் கட்டுரை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமும் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆய்வென்றால் ஊரை விட்டே போகவேண்டும் என்ற பேச்சு இனிக் கொஞ்சம் குறையட்டும்.