சிப்பிப்பாறையும் தெருக்குட்டியும்: ஒரே வீட்டில் சில வருட அனுபவம்

முதல்முறையாக நாய் வளர்க்கப் போகிறேன், நம்ம ஊர் நாயாக இருக்கட்டும், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நாட்டு இன நாய்கள் எல்லாம் இரண்டாவது நாயாக வரட்டும். எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன. மணி சிப்பிப்பாறை, ஆண். செவலை எங்கள் தெருமுனையில் பிறந்தவள். மதுரைக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் தரிசும் கருவேலமும் என்றிருக்கிற இடம். அதனால் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் மணியைப் பற்றி நான் சொல்வதைப் பாதியாகக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகத்தில் பதிவான இனங்களாகவும் இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் இந்த ஆர்வத்தோடு சேர்ந்து ஒரு பேச்சும் கிளம்பியது: "நாட்டு நாய்க்குச் செலவே கிடையாது, மிச்சச் சோறு போட்டால் போதும், நோயே அண்டாது." இரண்டையும் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தவனாகச் சொல்கிறேன், இது பாதிகூட உண்மையில்லை.

மணியிடம் இருந்து தொடங்குகிறேன். சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர். அந்தப் பெயரில் வரும் நாய் கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய். மோப்பம் பிடித்து நிதானமாகப் போகிற ஜாதி கிடையாது. அசைவது கண்ணில் பட்டதும் உடம்பு முழுக்க இறுகும், காது பின்னால் மடியும், அப்புறம் நீங்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் விழாது. வீட்டுக்குள் "மணி, உட்கார்" என்றால் உடனே உட்காருகிறவன் இவன்தான். வெளியில் ஒரு கீரி குறுக்கே ஓடினால் வேறு நாய்.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. எங்கள் பக்கம் மயில் கோழி மாதிரி திரிகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில் இருக்கிறது. முயல் வேட்டையும் குற்றம்தான். "நாய் பிடித்துவிட்டது, நான் என்ன செய்ய" என்று வனத்துறையிடம் சொல்லிப் பாருங்கள். ஆகவே வயல் பக்கம் போனால் மணிக்கு எப்போதும் கயிறு உண்டு. ஓட்டத்துக்கு, நண்பர் ஒருவரின் வேலி போட்ட தோப்பு. காலையில் அங்கே ஒரு பத்து நிமிடம் அவிழ்த்துவிட்டால் நாள் முழுக்க வீட்டில் சுருண்டு கிடப்பான். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத நாட்களில் செருப்பு, சோபா, தென்னங்கன்று எதற்கும் உத்தரவாதமில்லை. ஐந்தடிச் சுவரை நின்ற இடத்திலிருந்து எம்பித் தாண்டுவான். சுவருக்கு மேல் வலை அடித்த செலவு குட்டியின் விலையைவிட அதிகம்.

அப்புறம் விலா எலும்பு. சிப்பிப்பாறை ஒட்டிய வயிறோடுதான் இருக்கும். பின்பக்க விலா இரண்டு மூன்று லேசாகத் தெரிவது அதற்கு நல்ல உடம்பு. எதிர்வீட்டு அக்கா இன்றைக்கும் விடுவதாக இல்லை: "ஏன் தம்பி, இதுக்குச் சோறு கீறு போடுறீங்களா இல்லையா?" சொல்லிவிட்டுச் சுவர் மேலிருந்து இட்லியைப் போடுவார். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுவான், செவலை சாப்பிடுவாள். உடம்பில் கொழுப்பு குறைவான இந்த வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும் என்பதால், ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இனத்தைச் சொல்லிவிடுவது நல்லது. மார்கழிக் குளிருக்கு ஒரு பழைய போர்வையும் வேண்டும். தோல் அவ்வளவு மெலிது.

செவலைக்கு இந்தக் கதை எதுவும் இல்லை. நடுத்தர உடம்பு, தேவைக்கு ஓட்டம், மீதி நேரம் வாசலில் படுத்துக்கொண்டு தெருவைக் கணக்கெடுப்பது. பால்காரர் யார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் யார், புது ஆள் யார் என்று குரைப்பிலேயே வித்தியாசம் காட்டுவாள். யாரும் சொல்லித்தராமலே வெளிக்குப் போகும் இடத்தைத் தானே பின்வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். எட்டு வாரம் தாயிடம் இருந்தபின் எடுத்தோம். காசு கொடுத்து வாங்கும் குட்டிக்கும் இதுவே விதி. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017 நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. கண் திறந்ததும் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வந்த குட்டிக்கு எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதே தெரியாமல் போகிறது. கூடப்பிறந்தவற்றோடு சண்டை போட்டுத்தான் அதைக் கற்றுக்கொள்ளும்.

நோயே வராது என்றார்களே, வந்தது செவலைக்குத்தான். ஒரு கோடையில் திடீரென்று சாப்பாட்டைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிப்போய், ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்திருந்தன. உண்ணி கடித்து வரும் காய்ச்சல். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், கூடவே ஈரலும் முட்டையுமாகத் தேற்றினோம். அன்றிலிருந்து தினமும் மாலையில் உண்ணி பார்ப்பது வீட்டில் விளக்கேற்றுவதுபோல் ஆகிவிட்டது. காது மடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் அடியில். பெரும்பாலும் இந்த நான்கு இடத்தில்தான் ஒளிந்திருக்கும். சின்னதாக இருக்கும்போது எள் மாதிரி, ரத்தம் குடித்தபின் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி. விரலால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, டெட்டால் தண்ணீரில் போட்டுவிடுகிறோம். டாக்டர் எடைக்குத் தகுந்தபடி எழுதித்தந்த உண்ணி மாத்திரையும் உண்டு. மண்ணெண்ணெய் தடவு, ஃபினாயில் ஊற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாய் நக்கித்தான் தீரும்.

தடுப்பூசியில் இனம் பார்க்கக் கூடாது. ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாத வயது வரை போடும் ஊசிகள் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கொடிய வைரஸ் நோய்களுக்கு. பார்வோ வந்தால் ரத்தபேதியில் இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும், நாட்டுக்குட்டியானாலும் சரி. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடந்தோறும். குட்டிக்கு ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனையில் ரேபிஸ் ஊசியும் குடல்புழு மருந்தும் கிடைக்கும். செவலைக்குக் கருத்தடையும் அங்கேதான் செய்தோம். பெண் குட்டியைத் தெருவில் எல்லாரும் ஒதுக்குவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பருவத்துக்குப் பயந்து. கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயமே இல்லை, எல்லைச் சண்டையும் குறைவு. எனவே ஒதுக்கப்பட்ட பெண் குட்டிதான் என் முதல் சிபாரிசு.

மிச்சச் சோறு விஷயம். வெறும் சோறும் மிச்சச் சாம்பாரும்தான் நம் ஊர் நாய்களின் பாரம்பரிய உணவு என்று பெருமையாகச் சொல்வார்கள். சாம்பாரில் கிடப்பது சின்ன வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒருநாள் கொஞ்சம் தின்றால் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம், நிறையத் தின்றாலோ தினமும் தின்றாலோ சோகை. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனிப் பானை: சோறு அல்லது கேழ்வரகுக் களி, கறிக்கடையில் வாங்கும் கோழித் துண்டுகள், பூசணி, மஞ்சள் கொஞ்சம், உப்பு கிடையாது. வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் எலும்பை எடுத்துவிடுகிறோம். ஊசி, மாத்திரை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மாதம் நாலாயிரத்துக்குக் குறையாது.

"அப்படியானால் நாட்டு ரகம் என்று கிளி வளர்க்கலாமே" என்று ஒரு உறவினர் கேட்டார். பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வைக்க முடியாது, மயிலுக்குச் சொன்ன அதே வனவிலங்குச் சட்டம். பட்ஜி என்ற ஆஸ்திரேலியக் குட்டிக்கிளியைக் கூண்டில் வைக்கலாம், நம் வேப்பமரத்துக் கிளியைக் கூடாது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் சரியான விதி. கூண்டில் இருக்கிற நம் ஊர்க் கிளி பெரும்பாலும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து எடுத்த குஞ்சு.

இவ்வளவுக்கும் பிறகும் இன நாய்தான் வேண்டும் என்றால் தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். ராஜபாளையம் குட்டி என்றால் அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தேடித்தேடி இணை சேர்த்ததில் அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. கோபம் வரவேண்டும் என்று பகலெல்லாம் சங்கிலியில் கட்டி வைக்கிறவரிடம் குட்டி வாங்காதீர்கள். அந்தத் தாய் பயந்துபோயிருக்கும், குட்டிகளும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கும்.

வெளியூர் போவதுதான் இன்னும் தீராத பிரச்சினை. செவலையை யாரிடமும் விடலாம், எதிர்வீட்டு அக்கா கையால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்குவாள். மணி அப்படியில்லை. நானோ என் மனைவியோ வைத்தால்தான் தட்டைத் தொடுவான், மற்றவர்கள் வைத்தால் இரண்டு நாள் பட்டினி கிடப்பான். நாய் விடுதியிலும் விட்டுப் பார்த்தோம், அங்கேயும் இதே கதை. அதனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் நாங்கள் இப்போது இரண்டு தவணையாகப் போகிறோம், முதல்நாள் வரவேற்புக்கு மனைவி, மறுநாள் முகூர்த்தத்துக்கு நான்.