ஓல்ட் மேன் ஆஃப் ஹொய்: கப்பலிலிருந்து ஒரு முறை, பாறை விளிம்பிலிருந்து ஒரு முறை

ஸ்காட்லாந்தின் வடகரையைத் தாண்டிக் கடலுக்குள் போனால் ஆர்க்னி தீவுகள். அதில் ஹொய் தீவின் மேற்குக் கரையில், 137 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிவப்பு மணற்கல் தூண் கடலோரத்தில் தன்னந்தனியாக நிற்கிறது. அதுதான் ஓல்ட் மேன் ஆஃப் ஹொய். கப்பலில் போகும்போதே பார்த்துவிடலாம், அதற்காகத் தீவில் இறங்கி நடக்க வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கப்பலும் வேண்டும், நடையும் வேண்டும். ஒன்றை விட்டால் பாதிதான் பார்த்தீர்கள்.

முதலில் கப்பல். ஸ்காட்லாந்தின் வடகரையிலுள்ள ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்திலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னெஸ் ஊருக்குப் போகும் ‘ஹாம்னவோ’ கப்பலில் ஒன்றரை மணி நேரப் பயணம். காரையும் ஏற்றிக்கொள்ளலாம், கோடையில் காருக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு அவசியம். அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் துறையை விட்டு விலகும்போது கயிறு அவிழ்க்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு சத்தம் இல்ல, ஒரு அவசரம் இல்ல. நல்லா வேல தெரிஞ்ச பயலுவ” என்றார். அவரிடமிருந்து இந்தப் பாராட்டு லேசில் வராது.

இந்தக் கடல் சாதாரணமானது அல்ல. பெண்ட்லண்ட் நீரிணை அட்லாண்டிக்கையும் வடகடலையும் இணைக்கிறது. அங்கே நீரோட்டம் மிகக் கடுமை. வெயில் அடிக்கிற நாளிலும் கப்பல் ஆடும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மேற்குக் காற்று ரொம்பக் கடுமையாக இருந்தால் கப்பல் தீவின் மறுபக்கமாக, ஸ்கேப்பா ஃப்ளோ வழியாகப் போவதும் உண்டு. அன்றைக்குத் தூணைப் பார்க்க முடியாது. வழக்கமான பாதை என்றால் வடக்கே போகும்போது வலது பக்கத் தளத்தில் நில்லுங்கள். திரும்பி வரும்போது இடது பக்கம்.

புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகும் சமயம் கரைப்பாறைகள் உயர ஆரம்பிக்கும். தூண் முதலில் தெரியவே தெரியாது. பின்னாலிருக்கும் பாறைச்சுவரும் அதே சிவப்பு என்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் தெரியும். கப்பல் கொஞ்சம் முன்னே போனதும் நடுவில் வானம் ஒரு கீற்றாகத் திறக்கிறது. அந்தக் கீற்று அகல அகல, தூண் சுவரை விட்டுப் பிரிந்து வருகிறது. எனக்குக் கப்பல் பயணத்தில் மிகப் பிடித்த நேரம் அதுதான். அடுத்து வரும் செயின்ட் ஜான்ஸ் ஹெட் 330 மீட்டருக்கும் மேல் நிமிர்ந்து நிற்கிற பாறைமுகம், பிரிட்டனின் மிக உயரமான கடல் பாறைமுகங்களில் ஒன்று. அதற்குள் தளத்தில் பாதிப்பேர் உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள்.

சரி, நடைக்கு வருகிறேன். ஸ்ட்ரோம்னெஸ்ஸிலிருந்து ஹொய்யின் மோனெஸ் துறைக்கு ஆட்கள் மட்டும் போகும் சிறு படகு உண்டு. கார் கொண்டுபோக வேண்டுமானால் ஹௌட்டன் என்ற இடத்திலிருந்து லைனெஸ்ஸுக்குப் போகும் வேறு படகைப் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்ததால் நாங்கள் காரோடு போனோம். சாலை முடிகிற இடம் ராக்விக். இருபக்கமும் பெரிய பாறை, நடுவில் உருண்டைக் கற்களும் மணலுமாக ஒரு வளைகுடா, சில கல்வீடுகள். பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் என்ற இசையமைப்பாளர் பல ஆண்டுகள் இங்கேதான் குடியிருந்தார். அப்பா கடற்கரைக் கற்களில் உட்கார்ந்துகொண்டார். “நீ போயிட்டு வாம்மா, எனக்கு இங்க பொழுது போயிரும்” என்று என்னை அனுப்பிவைத்தார்.

ராக்விக்கிலிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய 9 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி நல்ல ஏற்றம், அப்புறம் சமமான பாதை. ஹெதர் புதர்களும் சேறுமாக இருக்கும், நனையாத பூட்ஸ் வேண்டும். வழியில் கடையோ தண்ணீரோ நிழலோ கிடையாது. நான் கொண்டுபோன புளியோதரைப் பொட்டலமும் ஃபிளாஸ்க் டீயும் பெரிய உதவி. கிரேட் ஸ்குவா என்ற பழுப்புநிறப் பெரிய பறவை, உள்ளூரில் ‘பாங்க்ஸி’, குஞ்சு வைத்திருக்கும் மாதங்களில் ஆளைக் கண்டால் தலைக்கு நேராகப் பாய்ந்து வரும். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி பாதையை விட்டு விலகாமல் நடந்தால் போதும். 2022இல் பறவைக் காய்ச்சல் இந்த இனத்தை ஸ்காட்லாந்து முழுக்க வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவற்றின் கூட்டருகே நாம் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.

பாதை சட்டென்று முடிகிறது. எதிரே தூண், நடுவில் சுமார் 60 மீட்டர் இடைவெளி. நாம் நிற்பது ஏறக்குறைய அதன் தலை மட்டத்தில். கப்பலிலிருந்து ஒரே துண்டாகத் தெரிந்தது, இங்கிருந்து பார்த்தால் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கிறது. கெட்டியான அடுக்கு துருத்திக்கொண்டு நிற்கிறது, மென்மையான மணல் அடுக்கு உள்ளே தேய்ந்து போயிருக்கிறது. உச்சியில் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட விரிசல். அடியில் கறுப்பாக ஒரு பீடம், அது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அலையின் அடியை வாங்கிக்கொள்வது அந்தப் பீடம்தான். அது மட்டும் மணற்கல்லாக இருந்திருந்தால் இந்தத் தூண் எப்போதோ போயிருக்கும்.

அன்று இரண்டு பேர் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு ஹெல்மெட் அசைந்தபோதுதான் அங்கே ஆள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. 137 மீட்டர் என்ற எண் அப்போதுதான் உறைத்தது. 1966இல் கிறிஸ் பானிங்டன், ரஸ்டி பெய்லி, டாம் பேட்டி மூவரும் முதன்முதலாக இதன் உச்சியைத் தொட்டார்கள். மறு ஆண்டு ஜூலையில் பிபிசி ஏற்றத்தை நேரலையாகவே காட்டியது. டன் கணக்கில் கருவிகளை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கோடியைத் தாண்டிய மக்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பானிங்டன் 2014இல், தன் 80ஆவது வயதில், மறுபடியும் ஏறினார். அதற்கு முந்தைய ஆண்டு ரெட் ஸெல் என்ற பார்வையிழந்தவர் கையால் தடவித் தடவியே உச்சிக்குப் போனார். இடுக்குகளில் கூடு கட்டும் ஃபுல்மர் பறவைகள் ஏறுகிறவர்கள் மேல் நாற்றமெடுத்த எண்ணெயைக் கக்கும். அதையும் தாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

பாறை 37 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஆனால் தூணுக்கு வயது சில நூறு ஆண்டுகள்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் போட்ட வரைபடத்தில் இங்கே முனை மட்டுமே இருக்கிறது, தூண் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் டேனியல் வரைந்த படத்தில் அகலமான தூணும் அடியில் ஒரு வளைவும் தெரிகின்றன. இரண்டு கால் ஊன்றி நின்றது, பின்னர் வந்த புயலில் ஒன்று போய்விட்டது. மிச்சமிருப்பதும் ஒருநாள் விழும். நான் திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது அப்பா கேட்டது அதைத்தான்: “யம்மா, இது எப்படி இன்னும் விழாம நிக்கு?”

குறை என்று சொல்வதானால், விளிம்பில் வேலி கிடையாது. இந்த இடத்துக்கு வேலி போடக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் காற்று திடீரென்று தள்ளும், மழை பெய்த புல் வழுக்கும். சிறு குழந்தைகளைக் கையை விடாமல் பிடிக்க முடியாது என்றால் கூட்டிப் போகாதீர்கள். படத்துக்காக விளிம்பில் உட்கார வேண்டாம். பத்தடி பின்னால் நின்றாலும் முழுத் தூணும் தெரியும். கழிப்பறை ராக்விக்கில் உண்டு, அதற்கப்புறம் இல்லை.

பஃபின் பறவைகளையும் பார்க்க வேண்டுமானால் மே முதல் ஜூலைக்குள் போங்கள். நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறவர்கள் கப்பலைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை, ஆனால் நேரம் பார்த்து ஏறுங்கள். தூணின் மேற்கு முகம் காலையில் நிழலில் கிடக்கும். கோடையில் அங்கே சூரியன் இரவு பத்து மணிக்கு மேல்தான் மறைகிறது. அதனால் மாலைக் கப்பலில் போனால் வெயில் நேராக அந்த முகத்தில் விழும். அப்பாவோடு நான் திரும்பியது அந்தக் கப்பலில்தான். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.