153-ஐப் போட்டுப் பார்த்தேன்: ஓர் எண் செயலிக்கு மூன்றரை ஸ்டார்

ஓர் எண்ணைத் தட்டினால் அதன் ஜாதகத்தையே எடுத்து நீட்டுகிற செயலி இது. பத்து நாளாக போனில் கிடக்கிறது. சோதித்துப் பார்க்க நேராக 153-ஐப் போட்டேன். இந்த எண்ணோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, செயலி எங்கே கோட்டை விடுகிறது என்று பிடித்துவிடலாம் என்ற கணக்கு.

முதல் திரை சுமார்தான். காரணிகள் 1, 3, 9, 17, 51, 153. பகா எண் இல்லை. ஒற்றை எண். (இதைச் சொல்ல ஒரு செயலியா?) எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கீழே போனால்தான் சரக்கு இருக்கிறது. 1 முதல் 17 வரை கூட்டினால் 153, அதனால் முக்கோண எண். 1! முதல் 5! வரை (5! என்றால் 1 முதல் 5 வரை பெருக்கினால் வருவது), அதாவது 1+2+6+24+120, கூட்டினாலும் அதே 153. இரும முறையில் 10011001, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது, அதற்கு ஒரு சபாஷ்.

ஆனால் நான் இதை இன்னும் அழிக்காமல் வைத்திருப்பது ‘சங்கிலி’ என்ற பட்டனுக்காக. இலக்கங்களின் கனங்களைக் கூட்டு, வந்த விடைக்கும் அதையே செய், அவ்வளவுதான். 24 போட்டேன்: 72, 351, 153, மூன்றே தாவலில் வந்து சேர்ந்தது. 6 போட்டால் 216, 225, 141, 66, 432, 99, 1458, 702, 351 என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் அதே 153-இல் வந்து உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் 1+125+27 மறுபடியும் 153 தானே! 3-ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் எதுவும் தப்பாது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று மட்டும் செயலி வாய் திறக்காது. அது ஒன்றும் கம்பசூத்திரமில்லை: ஓர் எண்ணையும் அதன் கனத்தையும் 3-ஆல் வகுத்தால் ஒரே மீதி, எண்ணுக்கும் அதன் இலக்கக் கூடுதலுக்கும் ஒரே மீதி, ஆக 3-இன் மடங்கு கடைசிவரை 3-இன் மடங்காகவே போகும். பெரிய எண்ணெல்லாம் சுருங்கி 2916-ஐத் தாண்டாமல் அடங்கிவிடும், அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தால் போதும். இப்படித் தன்னிடமே திரும்புகிறவை 1, 153, 370, 371, 407 மட்டும்தான், அதில் 3-ஆல் வகுபடுவது 153 ஒன்றே. இதை நாலு வரியில் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு கடுப்பு. காரணிகளின் கூடுதல் 234 என்று காட்டிவிட்டுப் பக்கத்திலேயே ‘குறைவு எண்’ என்று எழுதியிருக்கிறது. 234 எப்படி 153-ஐவிடக் குறைவு என்று புதிதாகப் பார்க்கிறவர் குழம்பத்தான் செய்வார். அந்த 153-ஐயே கழித்துவிட்டு மிஞ்சுகிற 81-ஐத்தான் ஒப்பிட வேண்டும், அதை எங்கேயும் சொல்லவில்லை. ‘ஹர்ஷத் எண்’ என்ற பட்டமும் விளக்கமில்லாமல் தொங்குகிறது. இலக்கக் கூடுதல் 9, அந்த 9-ஆல் 153-ஐ வகுத்தால் மீதியில்லாமல் 17, விஷயம் இவ்வளவுதான்.

வரலாறு என்ற பகுதி காலி. பையின் (π) மதிப்பைத் தேடியபோது 3-இன் வர்க்கமூலத்துக்குக் கீழ் எல்லையாக ஆர்க்கிமிடீஸ் எடுத்துக்கொண்ட பின்னம் 265/153, நாலு தசம இடம் அப்படியே பொருந்தும். அதைச் சேர்த்து, அந்த 234-ஐயும் சரிசெய்தால் இன்னொரு அரை ஸ்டார் போடுகிறேன்.