முடிந்த கல்யாண வீடியோவை எந்த வடிவில் வைப்பது?

முகூர்த்தத்தில் தாலி ஏறும் அந்த நொடியைப் பாருங்கள். கெட்டிமேளம், நாலு பக்கமிருந்தும் அட்சதை மழை, பின்னால் ஹோமப் புகை. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் பறக்கும். வீடியோவைச் சுருக்கும் எந்த கோடெக்குக்கும் இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. அதனால் மாஸ்டரை, அதாவது எடிட் முடிந்த மூலக் கோப்பை, சேமிக்கும் வடிவங்களை நான் அந்தக் காட்சியில்தான் சோதிப்பேன்.

கணக்குக்கு 1080பி, நொடிக்கு 25 ஃபிரேம், மூன்று மணி நேரப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

பென்டிரைவில் கொடுக்கும் எச்.264 எம்பி4 கோப்பு, நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 27 ஜிபிதான். டிவியில் நன்றாகவே ஓடும். ஆனால் அதையே மாஸ்டர் என்று வைத்துக்கொண்டால், பிறகு ஒரு பாட்டை மாற்ற மறுபடி ஏற்றுமதி செய்யும்போது அட்சதை கட்டம் கட்டமாகக் குழையும். ரிசப்ஷன் மேடை வெளிச்சம் பின்திரையில் பட்டை பட்டையாக விழும். கோப்பில் ஒரு சிறு பழுது வந்தாலும், அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை படம் சிதறலாம். இது வாடிக்கையாளர் பிரதி, அவ்வளவுதான்.

எந்தச் சுருக்கமும் இல்லாத 10 பிட் 4:2:2 (நிறத்தை நுணுக்கமாகப் பதியும் தர அளவு) கோப்பு ஏறக்குறைய 1,400 ஜிபி வரும். ஒரு கல்யாணத்துக்கே ஒன்றரை டிபி டிஸ்க்! இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி, எடிட்டிங்குக்கென ஆப்பிள் உருவாக்கிய புரோரெஸ் 422 எச்கியூவுக்கும், இழப்பில்லாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1க்கும்தான். புரோரெஸ் 250 ஜிபி அளவில் நிற்கும். கணக்குப்படி பார்த்தால் இதிலும் இழப்பு உண்டு, ஆனால் கண்ணுக்குப் பிடிபடாது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால் எடிட் டைம்லைனில் வழுக்கிக்கொண்டு ஓடும். அவிட் எடிட்டிங் மென்பொருள் பக்கம் பழகியவர்களுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் இதற்கு இணை. எடையும் கிட்டத்தட்ட அதுவே.

எஃப்எஃப்வி1 ஒரு பிட்கூட இழக்காது. திறந்த வடிவம், 2021இல் ஆர்எஃப்சி 9043 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. ஃபிரேமின் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் எழுதி வைக்க முடியும் என்பதால், எங்கே பழுது என்று கோப்பே காட்டிக்கொடுக்கும். ஆவணக் காப்பகங்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை. விலை? சுருக்கமில்லாததில் சுமார் பாதி எடை. மண்டப இருட்டில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றி எடுத்த காட்சி என்றால் நாய்ஸையும் (படத்தில் விழும் புள்ளிகளையும்) பத்திரமாகச் சேமித்து இன்னும் பருக்கும். பல எடிட்டிங் மென்பொருள்கள் நேரடியாகத் திறக்காது. முதலில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு மாற்ற வேண்டும். கல்யாண ஸ்டுடியோவுக்கு என் ஓட்டு புரோரெஸ்தான்.

கேமரா கிளிப்புகள் விஷயம் வேறு. நொடிக்கு 50 மெகாபிட் எக்ஸ்ஏவிசி எஸ் (சோனி கேமராக்களின் பதிவு வடிவம்) கோப்பு மணிக்கு 22.5 ஜிபி. அதை “தரம் போகாமல் இருக்கட்டும்” என்று புரோரெஸாக மாற்றினால் எடை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். தரம் துளியும் ஏறாது. கார்டில் இருந்த ஃபோல்டர் அமைப்போடு அப்படியே நகல் எடுங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஸ்லைடு போட, “தாத்தா ஆசீர்வாதம் பண்ணது முழுசா இருக்காப்பா?” என்று கேட்டு வருவார்கள். எடிட்டில் அவருக்கு மூன்று நொடிதான் கொடுத்திருப்போம்.

புராஜெக்ட் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்துருவையும் கூடவே போடுங்கள். முடிந்தால் தலைப்பில்லாத மாஸ்டர் ஒன்று, பாட்டு தனியாகவும் நேரடி ஒலி தனியாகவும் ஆடியோ கோப்புகள்.

எதில் வைப்பது என்றால், எல்டிஓ டேப் (தரவைச் சேமிக்கும் காந்த நாடா) அருமையானது, டிரைவ் விலைதான் லட்சங்களில். கரண்ட் இல்லாமல் அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்க எஸ்எஸ்டி சரிப்படாது. இரண்டு வேறு பிராண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைக்கிறேன். நகல் எடுத்ததும் செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்ட பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வது.