தேங்காய் எண்ணெயில் இறுகிய 15கே-வும் பழைய வண்ணாரப்பேட்டை பாய் கடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரம் என்றால் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற இந்தப் பாய் கடைக்குப் போகாதீர்கள். பத்து நாளில் தருகிறேன் என்றவர் என் மிஷினைத் திருப்பிக் கொடுத்தது ஐம்பத்து மூன்றாம் நாள். நடுவில் ஆறு தடவை போய் வந்தேன், அதில் இரண்டு தடவை கடையே பூட்டியிருந்தது, போன் அடித்தால் எடுக்க மாட்டார், தப்பித்தவறி எடுத்தால் "நாளிக்கு வாம்மா" என்பார். இவ்வளவுக்குப் பிறகும் பழைய சிங்கர் வைத்திருக்கிற யார் கேட்டாலும் இந்த இடத்தைத்தான் கைகாட்டுகிறேன்.

எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்தை நீந்திக் கடந்து ஒரு சந்தில் திரும்ப வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரும்பு ஸ்டாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். கை வீசிக்கொண்டு போவதானால் மெட்ரோவில் போகலாம். மிஷின் தலை (ஸ்டாண்டு இல்லாத மேல் பாகம்) மட்டுமே பன்னிரண்டு கிலோவுக்கு மேல், ஆகவே ஆட்டோதான்.

என் மிஷின் கதையைச் சொல்லாமல் அவர் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. கொருக்குப்பேட்டையில் எங்கள் ஆயா (பாட்டி) முப்பது வருஷத்துக்கு மேல் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்த சிங்கர் அது. மிஷின் தலையில் நிமிர்ந்து நிற்கிற தூணின் அடியில் பித்தளைப் பட்டை, அதில் 15கே என்று மாடல் எண் இருக்கும். கே என்றால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலை (1980-ல் மூடிவிட்டார்கள்). சீரியல் எண் ஒய் எழுத்தில் தொடங்குவதால் 1920களிலோ 1930களின் தொடக்கத்திலோ செய்தது. ஆயாவே அதை செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கினாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். மிதியும் பெரிய சக்கரமும் சாக்கடைத் தண்ணீரில் மூன்று நாள் நின்றன. தலை நனையவில்லை. ஆனாலும் ஒரு வருஷம் கழித்துத் துணியை விலக்கிப் பார்த்தால் மேலே இருக்கிற வீல் அசையவே இல்லை. துருதான் என்று நினைத்துக்கொண்டு பாயிடம் தூக்கிப் போனேன். அவர் ஊசிப் பக்கத்து மூடியைக் கழற்றினார், உள்ளே விரலை விட்டார், மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாமா, தேங்கா எண்ணெ உட்டீங்களா?"

"எனக்குத் தெரியாது பாய், ஆயாதான் எண்ணெய் போடும்."

"மிஷின் தலைன்னு சொன்னா நெசமாவே தலைக்கு எண்ணெ தேச்சு உட்டுக்குது உங்க ஆயா."

கடையில் இருந்த பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் விஷயம் அதுதான். சமையலறை எண்ணெய் எதுவானாலும் நாளாக ஆகப் பிசினாகி, தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். மிஷின் ஆயில் அப்படிப் பிசுபிசுக்காது, ஒரு சின்ன பாட்டில் வருஷக்கணக்கில் வரும். நம் வீடுகளில் "ஓடாது, தூக்கிப் போடு" என்று மூலையில் கிடக்கிற பாதி மிஷின்களுக்கு இதுதான் வியாதியாக இருக்கும் என்பது என் ஊகம்.

அவர் செய்த வைத்தியத்தை ஒரு மதியம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். சுத்தியல் பக்கமே போகவில்லை. தலையை மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தார், இரும்பு சூடானால் உள்ளே இருக்கிற பிசின் இளகுமாம். அப்புறம் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். பத்து நிமிஷம் பொறுத்து வீலை முன்னும் பின்னும் கொஞ்சமே கொஞ்சம் அசைத்தார். அசையவில்லை. மறுபடி வெயில், மறுபடி சொட்டு. நான் கிளம்புகிற நேரத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு நகர்ந்தது. முழுச் சுற்று சுற்ற இன்னும் இரண்டு நாள் ஆனதாக அப்புறம் சொன்னார். அடியில் ஹூக் (நூலைப் பிடிக்கிற கொக்கி) ஓடுகிற வளையத்தைக் கழற்றினால் பழைய நூல் சுருண்டு கட்டியாகக் கிடந்தது, துணியை நகர்த்துகிற பல்லுக்குக் கீழே பஞ்சு அழுந்தி அழுந்திக் கம்பளித்துண்டு மாதிரி ஆகியிருந்தது.

டைமிங் வைப்பதைத்தான் நான் ரொம்ப ரசித்தேன். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் மேலே ஏறும்போது ஹூக்கின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து நூலின் வளையத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தினாலும் பிந்தினாலும் தையல் விட்டுவிட்டு விழும். இவர் அளவுகோல் எதையும் எடுக்கவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தே வைத்தார். 15கே-வுக்கு ஊசியின் தட்டைப் பக்கம் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். இதைத் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டு மிஷினைக் குறை சொல்கிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருவார்களாம்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணமே அதுதான். 2019-ல் வேறொரு கடையில் (பெயர் வேண்டாம்) இன்னொரு சிங்கர் மாடலான 28கே ஒன்றைக் கொடுத்தேன். அடிநூலைக் கொண்டுபோகிற ஷட்டில் படகு மாதிரி, அந்த நூல் சுற்றுகிற பாபின் குச்சி மாதிரி நீளம், மேலே தங்க நிறத்தில் மனித முகமும் சிங்க உடலுமாக எகிப்து ஸ்பிங்க்ஸ் படம். ஒரு வாரத்தில் "புதுசு மாதிரி பண்ணிட்டேன் மேடம்" என்று கொடுத்தார்கள். தின்னர் போட்டுத் தேய்த்து, கருப்பு ஸ்பிரே அடித்து, பக்கத்தில் புது ஸ்டிக்கர். ஸ்பிங்க்ஸ் போயே போய்விட்டது. நூறு வருஷத்துப் பூச்சு அது, திரும்ப வராது. பாய் இந்த வேலையைத் தொடவே மாட்டார். தலைக்கு மிஷின் ஆயில் தொட்ட பனியன் துணிதான், தின்னரும் ஸ்பிரிட்டும் பழைய வார்னிஷைக் கரைத்துப் படத்தை எடுத்துவிடும் என்கிறார். தேய்ந்தது தேய்ந்ததாகவே இருக்கும். பளபளவென்று ஷோகேஸில் வைக்க வேண்டும் என்றால் இவர் உங்களுக்குச் சரிப்பட மாட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு இவர் சொல்லிக்கொடுத்த ஒன்று: படத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய படம் வார்னிஷுக்கு அடியில் இருக்கும், நகம் வழுக்கிக்கொண்டு போகும். ஓரத்தில் நகம் தடுக்கினால் ஸ்டிக்கர். சிங்கர் என்று எழுதியிருந்தும் சீரியல் எண் பொறித்திருக்கவில்லை என்றால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். அப்புறம் அந்த சிவப்புப் பாதரசம் (கொள்ளை விலை போகும் என்று நம்புகிற, நிஜத்தில் இல்லாத சரக்கு) கதை. 2009-ல் சவுதியில் பழைய சிங்கருக்குள் அது இருக்கிறது என்று வதந்தி கிளம்பி விலை தாறுமாறாக ஏறியது. இன்னும் அதைக் கேட்டுக்கொண்டு ஆள் வருகிறதாம். "இருந்தா நான் ஏன்மா இங்க குந்திக்கினுருக்கேன்" என்றார்.

இனி குறைகள். பில் தர மாட்டார். ஒரு பழைய நோட்டில் உங்கள் பெயரைக்கூட எழுதாமல் "ஆயா மிஷின்" என்று எழுதுவார், அவ்வளவுதான். என்னைக் கேட்காமலே பாபின் கேஸை மாற்றிவிட்டார். மிஷின் ஓடினால் போதும், பழைய பார்ட்ஸும் புது பார்ட்ஸும் அவருக்கு ஒன்றுதான், பழையது என்ற மரியாதை பெயின்டோடு சரி. சண்டை போட்ட பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடிப் பழைய கேஸை எடுத்துக் கொடுத்தார். ஆகவே கழற்றுகிற எதையும் தூக்கிப் போடக்கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், முடிந்தால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். மோட்டார் மாட்டச் சொல்லி வேறு ஒவ்வொரு தடவையும் நச்சரிப்பார். தொழிலுக்குத் தைக்கிறவர்களுக்கு அது நியாயம்தான். எனக்கு வேண்டாம்.

மர வேலையும் இங்கே கிடையாது. வெள்ளத்தில் ஊறிக் கீழ்ப்பக்கம் உப்பிப்போன எங்கள் பலகைக்கு அவரே ஒரு ஆசாரியைச் சொன்னார், அந்த ஆசாரி பிளைவுட்டில் மைகா ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்க்கச் சகிக்கவில்லை. தேக்குப் பலகைக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஆன செலவு: தலை சர்வீஸ், ஸ்டாண்டுத் துரு எடுத்து மிதியை ஓட வைத்தது, தோல் பெல்ட், பாபின் சுற்றுகிற இடத்து ரப்பர் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். முன்பணம் 500 வாங்கினார். தோல் பெல்ட் ஒரு மாதத்தில் தளர்ந்துவிட்டது, எடுத்துப் போனேன், அரை அங்குலம் வெட்டிக் கொக்கி போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இப்போது மிதித்தால் வீடு முழுக்க அந்தச் சத்தம் கேட்கிறது. அம்மா மத்தியானம் தூங்க முடியவில்லை என்று திட்டுகிறாள்.

காலை பதினொன்றுக்கு முன்னால் திறக்க மாட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் திரும்பி வர மூன்றரை ஆகும், அன்றைக்கு மட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.