குடல் கட்டிக்கு எம்எம்ஆர், பிடி-எல்1, சிடி8: ஒன்றுக்குத்தான் காசு என்றால்?

காசிமேட்டில் லாஞ்சில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் அவன் அப்பாவின் பெருங்குடல் கட்டி பயாப்ஸி ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பி, "அக்கா, நாலு புரோட்டீன் டெஸ்ட் எடுக்கணுமாம், பிடி-எல்1னு ஒண்ணு வேறயாம், ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு, எதை விடலாம்?" என்று கேட்டான். நான் ராயபுரத்தில் ஒரு லேபில் ஸ்லைடு வெட்டிச் சாயம் ஏற்றுகிறவள், டாக்டர் இல்லை. ஆனாலும் தயங்காமல் சொன்னேன்: பிடி-எல்1-ஐ விடு.

பிடி-எல்1 என்பது எதிர்ப்பு செல்களைத் தடுத்து நிறுத்தும் ஒரு புரோட்டீன். நுரையீரல் கட்டி என்றால் அந்த டெஸ்ட்டுக்கு மவுசு உண்டு. பெருங்குடலில் கட்டி செல்கள் அதில் அவ்வளவாகச் சாயம் பிடிப்பதில்லை, சுற்றியிருக்கும் எதிர்ப்பு செல்கள்தான் பிடிக்கும், வந்த எண்ணை வைத்து மருந்து முடிவாவதும் இல்லை.

அந்த நாலு புரோட்டீன், அதாவது எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, சொல்லப்போனால் எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்தவையே இல்லை. டிஎன்ஏ நகலில் விழும் பிழையைத் திருத்துகிறவை, எம்எம்ஆர் என்பது இந்த நாலும் சேர்ந்ததுதான். இவை போனால் பிழைகள் குவிந்து, உடம்பு இதுவரை பார்க்காத புரோட்டீன் துண்டுகள் கட்டியில் நிறைய உண்டாகும், எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்கள் வந்து மொய்க்கும். இதனால்தான் ரிப்போர்ட்டில் 'லாஸ்', அதாவது இந்த புரோட்டீன் காணோம் என்று பார்த்து அழுகிறவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். பெருங்குடல் புற்றில் சுமார் 15 சதவீதம் இந்த வகை, பரவிய நிலையில் 5 சதவீத அளவுக்குத்தான். அப்படிப் பரவிய 307 பேரை வைத்து நடந்த கீநோட்-177 ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலம் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தில் 16.5 மாதம், கீமோவில் 8.2.

ஆனால் சாயத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். கட்டி செல்லின் உட்கரு நீலமாக, பக்கத்து லிம்போசைட் (எதிர்ப்பு செல்) பழுப்பாக இருந்தால்தான் லாஸ். எல்லாமே நீலம் என்றால் சாயமே ஏறவில்லை, திரும்பப் போடணும். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துண்டு ராத்திரி முழுக்க கெடாமல் காக்கும் ஃபார்மலின் இல்லாமல் கிடந்திருக்கிறது, மூன்று தடவை போட்டும் ஒன்றும் தெரியவில்லை.

டி செல்களின் அடையாளமான சிடி3, சிடி8 எண்ணுவது எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்த வேலை. கட்டியின் நடுவிலும் அது ஊடுருவும் ஓரத்திலும் டி செல்கள் எத்தனை என்று எண்ணி, ஆபரேஷனுக்கு அப்புறம் நோய் திரும்புமா என்று கணிப்பார்கள். 2006-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் காலோன் குழு தொடங்கியது, 2018-ல் 2,681 நோயாளிகளிடம் சரிபார்த்தார்கள். கணிப்பதில் கெட்டி. ஆனால் எந்த மருந்து என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைக்காது, தம்பி கேட்டது அந்தக் கேள்வி.

இன்னொன்று, எம்எல்ஹெச்1-ம் பிஎம்எஸ்2-ம் சேர்ந்து போயிருந்தால் பிராஃப் என்ற ஜீன் டெஸ்ட்டோ, எம்எல்ஹெச்1 ஜீன் முடங்கியிருக்கிறதா என்று காட்டும் மெத்திலேஷன் டெஸ்ட்டோ பார்ப்பார்கள், பெரும்பாலும் அது பரம்பரை இல்லை, வயதோடு வருவது. எம்எஸ்ஹெச்2 போயிருந்தால் லிஞ்ச் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம், பிள்ளைகளும் டெஸ்ட் எடுக்கணும். "வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டேன். "அத்தைக்குக் கர்ப்பப்பைல வந்துச்சுக்கா, நாப்பத்தஞ்சு வயசுல. அது வேற, இது வேறதானே?"

வேறு இல்லை, லிஞ்ச் இருக்கும் குடும்பங்களில் கர்ப்பப்பை உட்சுவரிலும் வரும். நாளைக்கே பயாப்ஸித் துண்டு இருக்கும் மெழுகு பிளாக்கை வாங்கி வா என்றேன்.